‘நல்லது’ என்றால் ‘ஹேட் பெட்டர்’ அல்ல

ஏப்ரல், மே சீசனில் நம் ஜமாஅத் பிள்ளைகள் பலர் ஊட்டி, குன்னூர் விடுதிகளிலும் வர்க்கிக் கடைகளிலும் வாடகைக் கார்களிலும் வேலை பார்க்கிறார்கள். வெளிமாநில விருந்தினரிடம் கை கொடுப்பது இங்கிலீஷ்தான். சொல்லும் விஷயம் சரியாக இருந்தும், சில நேரம் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடுகிறது. அதற்குக் காரணமாகும் ஒரு சொல்லைப் பார்ப்போம்.

‘சீக்கிரம் கிளம்புவது நல்லது’ என்பது தமிழில் பணிவான யோசனை. ‘பெட்டர்’ என்றால் நல்லது என்று படித்த பிள்ளை, ‘யூ ஹேட் பெட்டர் ஸ்டார்ட் எர்லி’ என்கிறான். இங்கிலீஷ்காரர் காதில் இது ‘கிளம்பாவிட்டால் அனுபவிப்பாய்’ என்ற எச்சரிக்கையாக விழும். தகப்பன் மகனிடம் சொல்லலாம். விருந்தினரிடமோ மேலாளரிடமோ வேண்டாம். அங்கே ‘ஐ திங்க் யூ ஷுட் ஸ்டார்ட் எர்லி’ போதும். ‘கிளம்பலாமே’ என்ற அளவுக்கு இன்னும் மென்மை வேண்டுமா? ‘யூ குட் ஸ்டார்ட் எர்லி’. நஸீஹத் சொல்லவும் அதட்டவும் வேறு வேறு குரல் உண்டல்லவா, அதுபோலத்தான்.

ஆபத்து உள்ள இடத்தில் அதே சொல் பொருத்தமாகிவிடும். மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பழக்கமில்லாதவர் அவ்வழி இறங்கப் பார்த்தால், ‘யூ ஹேட் பெட்டர் நாட் கோ டவுன் தட் ரோட்’ என்று தாராளமாகச் சொல்லலாம். ‘நாட்’ என்பது ‘பெட்டர்’ என்பதற்குப் பிறகே வரும். 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த ஈ-பாஸ் போன்றவை யோசனை அல்ல, விதி. அதற்கு ‘மஸ்ட்’ அல்லது ‘ஹேவ் டு’.

விருப்பத்தைச் சொல்வதிலும் இதே கதை. ‘என்ன வேணும்?’ என்று நாம் அன்பாகத்தான் கேட்கிறோம். அதை ‘வாட் டூ யூ வாண்ட்?’ என்று மாற்றினால் வெடுக்கென்று இருக்கும். ‘வாட் வுட் யூ லைக்?’ என்பதே கடைக்கு ஏற்றது. அறையில் புகைப்பவரிடம் ‘டோன்ட் ஸ்மோக்’ என்பதற்குப் பதில் ‘ஐ வுட் ராதர் யூ டிட்ன்ட் ஸ்மோக் ஹியர்’ எனலாம். ‘டிட்ன்ட்’ இறந்தகாலமாகத் தெரிந்தாலும் பேச்சு இப்போதையதைப் பற்றித்தான்.

‘வுட் ராதர்’ பின்னால் ‘டு’ வராது: ‘ஐ வுட் ராதர் டேக் தி டிரெய்ன் தேன் தி பஸ்’. ‘வுட் ப்ரிஃபர்’ பின்னால் வினைச்சொல் வந்தால் ‘டு’ சேரும்.

நேர்காணலுக்குப் போகும் நம் பெண்பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். இரவு வேலை வேண்டாம் என்றால் ‘ஐ டோன்ட் வாண்ட் நைட் ஷிஃப்ட்’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல வேண்டியதில்லை. ‘ஐ வுட் ப்ரிஃபர் டு வொர்க் இன் தி மார்னிங்’ என்றாலே முதலாளிக்குப் புரியும்.