டெட்லைன்... உயிர் பறித்த ஒரு கோட்டின் கதை!

‘வெள்ளிக்கிழமைதான் டெட்லைன்... அதுக்குள்ள முடிச்சாகணும்!’

அலுவலகம், கல்லூரி, வருமான வரிக் கணக்குத் தாக்கல் என எங்கும் அடிபடும் வார்த்தை இது. ஒரு வேலையை முடிக்கத் தரப்படும் கடைசி நேரம், அதாவது கெடு என்பதுதான் இன்றைய பொருள். ஆனால், ‘டெட்’, ‘லைன்’ என்று பிரித்துப் பார்த்தால் கிடைப்பது ‘சாவுக் கோடு’. அப்படி ஒரு கோடு நிஜமாகவே இருந்தது.

சிறைக்குள் ஒரு தடுப்பு

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. பிடிபட்ட வட மாநில வீரர்களை அடைத்துவைக்க, தென் மாநிலத் தரப்பு ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் என்ற ஊரில் 1864 பிப்ரவரியில் ஒரு சிறை முகாமைத் திறந்தது. கூரை கிடையாது. மரங்களை நெருக்கமாக நட்டு எழுப்பிய உயரமான சுவர், அதற்குள் திறந்தவெளி... அவ்வளவுதான்.

அந்தச் சுவரிலிருந்து சுமார் 19 அடி உள்ளே, சாதாரண மரச்சட்டங்களால் ஒரு தடுப்பு போட்டிருந்தார்கள். அதன் பெயர்தான் ‘டெட்லைன்’. கைதிகள் யாராவது அதைத் தாண்டினால், ஏன், தொட்டால்கூட மேடையில் நிற்கும் காவலர்கள் எச்சரிக்காமலே சுடலாம்.

தண்ணீருக்காக நீண்ட கை

10,000 பேருக்காகக் கட்டிய முகாமில், அந்த ஆகஸ்ட் மாதம் 33,000 பேர் வரை அடைபட்டுக் கிடந்தார்கள். குடிக்கவும் குளிக்கவும் ஒரே ஓடைதான். முகாமின் கழிவெல்லாம் அதில்தான் கலந்தது. தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில், தடுப்பை ஒட்டி மட்டும் கொஞ்சம் சுத்தமாக இருந்தது. அதை மொள்ளத் தடுப்புக்கு அப்பால் கை நீட்டியவர்கள் சுடப்பட்டார்கள்.

துப்பாக்கியைவிடப் பசியும் வயிற்றுப்போக்கும் பறித்த உயிர்கள் பல மடங்கு அதிகம். சுமார் 14 மாதங்களில் அங்கு அடைக்கப்பட்ட 45,000 பேரில் ஏறக்குறைய 13,000 பேர் இறந்துபோனார்கள். போர் முடிந்ததும் சிறை அதிகாரி ஹென்றி விர்ஸ் விசாரிக்கப்பட்டு, 1865 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர்மீதான குற்றச்சாட்டுகளில் இந்தக் கோடும் இருந்தது.

கோடு கெடுவானது எப்படி?

போருக்குப் பின், ‘தாண்டக் கூடாத எல்லை’ என்ற பொருளில் இந்த வார்த்தை புழங்க ஆரம்பித்தது. அச்சு இயந்திரத்திலும் ‘டெட்லைன்’ வந்தது. அந்தக் கோட்டுக்கு வெளியே கோத்த எழுத்துகள் தாளில் பதியாது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில், செய்தியைக் கொடுத்து முடிக்க வேண்டிய கடைசி நேரத்துக்கு இதுவே பெயரானது. 1920-ல் பத்திரிகை உலகைப் பற்றி வந்த ஒரு மௌனப் படத்தின் பெயரே ‘டெட்லைன் அட் லெவன்’தான்!

அன்று அந்தக் கோட்டைத் தொட்டவருக்குத் துப்பாக்கிக் குண்டு. இன்று ‘மீட் தி டெட்லைன்’ என்றால் சொன்ன நேரத்தில் வேலையை முடித்தவருக்கான பாராட்டு. தவறவிட்டால் அபராதமோ, மேலதிகாரியின் முறைப்போ, அதோடு சரி.

ஆண்டர்சன்வில் முகாம் இருந்த இடம் இன்று தேசிய நினைவிடம். அந்தத் தடுப்பு எங்கே இருந்தது என்பதைப் புல்வெளியில் வரிசையாக நிற்கும் வெள்ளைக் கம்பங்கள் காட்டுகின்றன. பார்க்க வருபவர்கள் அதைத் தாண்டி நடக்கிறார்கள்.