பழைய கணினிக்கு எந்த வரைகலை அட்டை?

1920க்கு 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. விளையாட்டுக் காட்சி தடங்கலின்றி ஓட, வினாடிக்கு 60 முறையாவது இவற்றைப் புதிதாகத் தீட்ட வேண்டும். இந்த வேலையைச் செய்வது வரைகலை அட்டை. பழைய கணினிக்கு மலிவான அட்டை வாங்குமுன் மூன்று செய்திகளைக் கவனியுங்கள்.

முதலாவது, மின்சாரம். தாய்ப்பலகையில் அட்டையைச் செருகும் நீண்ட இடம் 75 வாட் வரையே தரும். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ இதற்குள் அடங்கும். கூடுதலாக வேண்டும் அட்டைக்கு மின்வழங்கியிலிருந்து தனி இணைப்புத் தேவை.

இரண்டாவது, பாதை. நீண்ட செருகுமிடத்தில் 16 தரவுப் பாதைகள் உண்டு. 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 பாதைகளையே பயன்படுத்துகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் நான்காம் தலைமுறைப் பலகையில் அவற்றின் வழியே வினாடிக்கு ஏறத்தாழ 8 கிகாபைட் செல்லும். மூன்றாம் தலைமுறையில் பாதிதான். அட்டையின் நினைவகம் நிரம்பிவிட்டால், மீதித் தரவு இக்குறுகிய வழியே வரவேண்டும். காட்சி திக்கித் திணறும். புதியதெல்லாம் பழையதற்குப் பொருந்துவதில்லை!

மூன்றாவது, மையச் செயலகம். எந்தப் பொருள் எங்கே நகர்கிறது என்று கணக்கிடுவது அதுவே. சமையல் தாமதமானால் பரிமாறுபவர் விரைந்து என்ன பயன்? செயலகம் வினாடிக்கு 40 காட்சிகளுக்கே கணக்கிட்டால், எந்த அட்டையும் 40ஐத் தாண்டாது.

இதை அறிய எளிய சோதனை உண்டு. திரைப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்து விளையாடிப் பாருங்கள். வேகம் கூடினால் குறை அட்டையில். கூடாவிட்டால் பெரும்பாலும் செயலகத்தில். காசைச் செலவிடுமுன் காசில்லாத இச்சோதனையைச் செய்துவிடுங்கள்!