ஓர் இரவில் 2.6 கிலோ

2024 ஆகஸ்ட் 6, பாரிஸ் ஒலிம்பிக், பெண்கள் 50 கிலோ மல்யுத்தம். காலையில் வினேஷ் போகத்தின் எடை 49.9 கிலோ. மூன்று பேரை வீழ்த்தி இறுதிக்குப் போன அன்று மாலை 52.7. மறுநாள் காலை 50.1. நூறு கிராம் கூடுதல், பதக்கம் போயிற்று.

ஏறியது 2.8 கிலோ: ஒரு போட்டிக்கு 3 நிமிடமாக 2 சுற்று. அந்த இழுபறியில் வேகமாகக் கரைவது தசையிலுள்ள கிளைகோஜன். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைச் சேர்த்துப் பிடித்துவைக்கும். 300 கிராம் நிரப்பினால் கிடைப்பது 1,200 கலோரி. தராசில் ஏறுவதோ 1.2 கிலோ. மீதி, சாப்பாடும் குடித்த தண்ணீரும்.

இறங்கியது 2.6 கிலோ: ஒரு கிலோ உடல்கொழுப்பு சுமார் 7,700 கலோரி. இறங்கியதெல்லாம் கொழுப்பென்றால் 20,020 கலோரி எரிந்திருக்க வேண்டும். மல்யுத்தத்தில் ஒரு கிலோ எடைக்கு மணிக்குச் சுமார் 6 கலோரி செலவாகும். அந்தக் கணக்கில் 63 மணி நேரம் ஓயாமல் மல்லுக்கட்ட வேண்டும். ஆகவே இறங்கியதில் பெரும்பங்கு தண்ணீர்தான். உடல் எடையில் 2 சதவீதத் தண்ணீர் குறைந்தாலே திறன் தளரும். இங்கே இறங்கியது 5 சதவீதம். கடைசியில் தலைமுடியைக் கத்தரித்தும் உடையைச் சிறிதாக்கியும் பார்த்தார்கள்.

அதே பாரிஸில் அமன் ஷெராவத் சுமார் 10 மணி நேரத்தில் 4.6 கிலோ இறக்கி, 57 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். ஆனால் 1997இல் இப்படி எடை இறக்கப் போய், அமெரிக்காவில் 3 கல்லூரி வீரர்கள் ஏறக்குறைய ஒரே மாதத்தில் இறந்தார்கள். அதன்பின் அங்கே வந்த விதி: வாரத்துக்கு 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. 53 கிலோ வீராங்கனைக்கு அது முதல் வாரத்தில் 795 கிராம்; 50க்கு வர 4 வாரம்.

எடைக்கு அடிமட்டமும் உண்டு. அமெரிக்கப் பள்ளி மாணவிகளுக்குக் குறைந்தபட்சக் கொழுப்பு 12 சதவீதம். 53 கிலோவில் கொழுப்பு 16 சதவீதமென்றால் மற்றவை 44.5 கிலோ. 12 சதவீதம் வரை கரைத்தாலும் எடை 50.6இல் நின்றுவிடும். அந்த விதிப்படி அப்படிப்பட்ட வீராங்கனைக்கு 50 கிலோ பிரிவு கிடையாது. பயிற்சியாளர் கொழுப்பை அளந்த பிறகே பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.