மடியோடு வரும் கடற்பஞ்சு

ஒட்டன்சத்திரம் சந்தையில் வாங்கும் பீர்க்கங்காயை முற்றவிட்டுக் காயப்போட்டால், உள்ளே நார்க்கூடு இருக்கும். அதே பின்னலைக் கண்ணாடி இழையில் நெய்ததுபோல இருக்கிறது ஆழ்கடலில் வாழும் கண்ணாடிக் கடற்பஞ்சின் எலும்புக்கூடு. செடிபோல நின்றாலும் இது விலங்குதான். வாய், வயிறு, மூளை எதுவும் கிடையாது. உடலெங்கும் உள்ள துளைகளால் கடல்நீரை இழுத்து, பாக்டீரியாவைத் தின்றுவிட்டுச் சுத்தநீரை வெளியே விடும்.

இவை திட்டுத்திட்டாக வளர்ந்த காலம் எப்போதோ முடிந்து போயிற்று என்றே நினைத்திருந்தார்கள். 1987-இல் கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், ஹெகேட் நீரிணைப் பகுதியில் உயிரோடு அகப்பட்டன. அந்தத் திட்டுகளின் வயது சுமார் 9,000 ஆண்டு. சில இடங்களில் உயரம் ஆறேழு மாடி. செத்த பஞ்சின் கூட்டில் குஞ்சுப் பஞ்சு ஒட்டிக்கொள்ளும், இடுக்கில் வண்டல் இறங்கிக் கூட்டைத் தாங்கும். இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் அங்கே ஒதுங்கும்.

கடலடியில் இழுபடும் வலையான இழுவைமடியின் பலகை மோதினால் கண்ணாடி நொறுங்கும் என்பது எவருக்கும் புரியும். மோதாமல் பக்கத்தில் போனாலும் கேடுதான்: சேறு கிளம்பினால் பஞ்சு நீர் இழுப்பதையே நிறுத்திவிடும், அதாவது பட்டினி. 2017-இல் கனடா 2,410 சதுர கிலோமீட்டரைப் பாதுகாத்தபோது, திட்டுகளை ஒட்டிய கடலையும் சேர்த்துக்கொண்டது இதனால்தான்.

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடற்பஞ்சு ஆழம் குறைந்த இடங்களிலேயே, பவளத்துக்கும் கடற்புல்லுக்கும் நடுவே வாழ்கிறது. 200-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன. எல்லாமே சாது அல்ல. கிளையோனா என்ற வகை முத்துச்சிப்பியின் ஓட்டையும் பவளத்தையும் துளைத்துவிடும்.

2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடற்பஞ்சைச் சேர்த்தபோது, சுண்ணாம்புக்கூடு உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நம் கடலில் பெரும்பான்மையானவை அந்த வகுப்பே அல்ல! விலைபோகாத பஞ்சு மடியில் ஏறினால் கழிவு. யாருடைய கணக்கிலும் அந்த இழப்பு வராது.

பெயர் பெயராகப் பட்டியல் நீட்டுவதைவிடத் கடல்தரையைக் காப்பதே நடக்கக்கூடிய வழி என்று எனக்குப் படுகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை உண்டு. மீனுக்கு அந்த 61 நாள் உதவும். மெல்ல வளரும் பஞ்சுக்குப் போதாது. ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்காக 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அங்கே கடற்புல் தரையில் மடி இழுபடாமல் பார்த்துக்கொண்டால், அதே தரையில் ஊன்றி நிற்கும் பஞ்சும் பிழைத்துக்கொள்ளும்.