உயிரணுவின் வாயிற்காவல்

2025-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், கால் தளர்ந்து புனே மருத்துவமனைகளுக்கு வந்தோர் தொகை திடீரெனப் பெருகிற்று. சிங்ககட் சாலையை அடுத்த பகுதிகளிலிருந்து வந்தவர்களே மிகுதி. மார்ச் மாதத்திற்குள் 200 பேருக்கு மேல் கில்லன்-பாரே நோய் கண்டிருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டது, சிலர் மாண்டனர். பலருக்குச் சில நாட்கள் முன்னதாக வயிற்றுப்போக்கு இருந்தது. ஊர் விட்டு ஊர் வந்து, பழகாத தண்ணீரைப் பருகி வாழ்கின்றவர்கள் நாம். குடலிற் புகுந்த கிருமி காலை முடக்குவது எவ்வாறு என்பது நமக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. அதன் விடை, ஒவ்வோர் உயிரணுவையும் போர்த்தியிருக்கும் சவ்வில் இருக்கிறது.

இச்சவ்வு மிக மெல்லியது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் சவ்வுகளை அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். 1925-இல் ஹாலந்து நாட்டு அறிஞர்களான கோர்ட்டரும் கிரெண்டலும், ரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின்மேல் பரப்பினர். அது அணுக்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்கு இடத்தை அடைத்தது. ஆகவே, சவ்வு இரண்டு கொழுப்புப் படலங்களால் ஆனது என்று முடிவு செய்தனர். தண்ணீர் மட்டும் ஊற்றி எண்ணெய்த் தலையை முழுக முயன்றவர்களுக்குத் தெரியும், நீரும் கொழுப்பும் கலவா என்பது. பிராணவாயு இப்படலத்தை எளிதில் ஊடுருவும். உப்பில் உள்ள சோடியம் ஊடுருவ இயலாது. அதற்கெனப் புரதத்தாலான வாயில்கள் சவ்விற் பதிந்துள்ளன. வேறொரு புரதம் இறைப்பியாக நின்று, சக்தியைச் செலவிட்டு, மூன்று சோடியம் துகள்களை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் துகள்களை உள்ளே சேர்க்கிறது. இதனால் சோடியம் வெளியே தேங்கி நிற்கும். நரம்பிழையில் வாயில் திறந்தவுடன் அது உள்ளே பாய்கிறது. அப்பாய்ச்சல் அடுத்தடுத்த வாயில்களைத் திறந்துகொண்டு செல்வதே, மூளை காலுக்கு அனுப்பும் செய்தி.

நரம்புச் சவ்வின் வெளிப்புறத்தில் சர்க்கரை முனை கொண்ட கொழுப்புகளும் உண்டு. புனே நோயாளிகள் சிலரின் மலத்தில், அந்நகரிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் கேம்பிலோபேக்டர் ஜெஜுனி என்னும் கிருமியைக் கண்டது. இதன் சில வகைகளின் மேற்போர்வை, அந்தச் சர்க்கரை முனைகளை அப்படியே ஒத்திருக்கும். கிருமியை அழிக்க உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள்கள், ஒருசிலருக்கு, நரம்பையும் பகையெனப் பற்றிச் சவ்வைத் துளைக்கின்றன. சோடிய வாயில்கள் சிதைகின்றன. தசை நன்றாயிருக்கும், மூளையும் தெளிவாயிருக்கும். செய்திமட்டும் போய்ச் சேராது.

தளர்ச்சி பெரும்பாலும் காலில் தொடங்கி மேலேறும். மார்புத் தசைகளை எட்டினால் மூச்சு நின்றுவிடக்கூடும். ஆதலால், வயிற்றுப்போக்கு நின்று ஓரிரு வாரத்தில் கால் மரத்தாலோ, படியேற முடியாது போனாலோ, அது அசதி என்று வீட்டில் இருந்துவிடலாகாது. தீங்கு செய்யும் எதிர்ப்புப் பொருளை ரத்தத்திலிருந்து நீக்கும் முறையும், இம்யூனோகுளோபுலின் மருந்தை நாளத்தில் ஏற்றும் முறையும் முதல் இரண்டு வாரங்களுக்குள் செய்தால்தான் மிகுந்த பயன் தரும். மூச்சுத் தடைப்பட்டவர்களை இயந்திரம் தாங்கிக்கொள்கிறது. அதற்குள் நரம்பு தன் சவ்வைச் செப்பனிட்டுக்கொள்ளத் தொடங்கும். இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர், மாதங்கள் சில சென்றாலும், மீண்டும் நடக்கிறார்கள்.