இல்லறத்தார்க்கு உரிய புத்த தருமம்

புத்தர்பெருமான் என்றவுடன், அரண்மனையையும் மனைவி மக்களையும் துறந்து நள்ளிரவில் வெளியேறிய சித்தார்த்தரின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றது. அதனால், பௌத்தம் துறவியரின் சமயம் என்றும், குடும்பமும் தொழிலும் உடையார்க்கு அதனால் ஆவது யாதும் இல்லை என்றும் மாணவர் பலர் எண்ணுகின்றனர். ஆசிரியப் பணியில் இருந்த காலத்து நானும் இதனைப் பன்முறை கேட்டதுண்டு. இவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்குப் பௌத்த நூல்களும் சான்று. நம் தமிழ்நாட்டு வரலாறும் சான்று.

இராசகிருக நகரில் சிகாலன் என்னும் இளைஞன், தந்தையின் இறுதிச் சொல்லைப் போற்றி, நாள்தோறும் விடியலில் நீராடி ஆறு திசைகளையும் வணங்கி வந்தான். அவனைக் கண்ட புத்தர் வணக்கத்தை இகழ்ந்திலர். அதற்குப் புதுப்பொருள் கற்பித்தார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை தொழிலாளர், மேல்திசை துறவோர். இவர்பால் கடமை ஆற்றுவதே திசை வணக்கம் என்றார்.

இங்கு ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். கடமை ஒருபுறத்ததன்று, இருபுறத்தது. மாணவன் பணிவும் கற்கும் ஆர்வமும் உடையனாதல் வேண்டும். ஆசிரியர் எதனையும் ஒளியாது நன்கு விளங்கும்படி கற்பித்தல் வேண்டும். தொழிலாளி உண்மையாய் உழைத்தல் வேண்டும். முதலாளி அவன் வலிமைக்கு ஏற்ற வேலையே தந்து, உணவும் கூலியும் அளித்து, நோயுற்றக்கால் பேணி, உரிய வேளையில் ஓய்வும் தருதல் வேண்டும். எங்கள் சங்கரன்கோவில் தறிகள் ஓடும் ஊர். இவ்வுரையின் அருமையை அங்குள்ளார்க்கு எடுத்து விளக்க வேண்டுவதில்லை.

இனி, இல்லறத்தார் மேற்கொள்ளும் பஞ்சசீலத்தைக் காண்போம். கொலை, களவு, பிறழ்ந்த காமம், பொய், மது ஆகிய ஐந்தையும் விலக்குதலே அது. 'செய்யாதே' என்று மேலிருந்து ஒருவர் இட்ட ஆணையாக இஃது அமையவில்லை. 'விலகி நிற்கும் பயிற்சியை மேற்கொள்கிறேன்' என்று அவரவர் தமக்குத் தாமே கூறும் உறுதிமொழியாக அமைந்துள்ளது. பயிற்சி என்றமையால், தவறியவன் மீண்டும் முயலலாம். புத்தர் தம் மகன் இராகுலனுக்குக் கூறிய முறையும் இதற்குத் துணையாகும்: ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும், அது தனக்கோ பிறர்க்கோ தீங்கு தருமா என்று கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

தமிழ்நாட்டில் பௌத்தம் பல நூற்றாண்டு மறைந்திருந்து மீண்டும் தளிர்த்தபோது, அதற்கு நீர் வார்த்தவர் பெரும்பாலும் இல்லறத்தாரே. அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) சித்த மருத்துவர்; குடும்பத்தினர். அவர் 1898ஆம் ஆண்டு கொழும்பு சென்று சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். கோலார் தங்கவயலில் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையேயும் இச்சங்கம் வேரூன்றியது. அவர் காலத்தவரான இலட்சுமி நரசு விஞ்ஞானப் பேராசிரியர். பௌத்தத்தின் சாரத்தை விளக்கி அவர் 1907இல் வெளியிட்ட ஆங்கில நூலுக்கு, 1948இல் வெளிவந்த பதிப்பில் டாக்டர் அம்பேத்கர் முன்னுரை வழங்கினார். அம்பேத்கரும் 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பெருந்திரளான மக்களோடு பஞ்சசீலம் ஏற்றவரே. அவரும் துறவி அல்லர்.

மருத்துவர் ஒருவரும், பேராசிரியர் ஒருவரும், சட்ட அறிஞர் ஒருவரும் இந்நெறியை நாடியது ஏன்? தாழ்த்தப்பட்ட மக்கள் முன்னாளில் பௌத்தராய் இருந்தவர் என்பது அயோத்திதாசர் கொள்கை. ஆராய்ச்சியாளர் அனைவரும் இதனை உடன்பட்டிலர். ஆயினும் அக்கொள்கையின் அடியில் ஓர் அறவினா நிற்கின்றது. பிறப்பினால் ஒருவன் தாழ்ந்தவன் ஆகான், செய்கையினாலேயே ஆவான் என்பது புத்தர் போதனை. கொல்லேன் என்று உறுதி கூறிய ஒருவன், உடன்வாழும் மனிதனின் மானத்தை நாள்தோறும் கொல்லலாமா? களவு செய்யேன் என்றவன், பிறன் அமரவேண்டிய இடத்தையும் பெறவேண்டிய கல்வியையும் கவர்ந்துகொள்ளலாமா? ஆகலாது என்பதே அப்பெரியோர் மூவரும் தம் வாழ்வால் தந்த விடை.

மாணவர்களே! சங்கரனும் நாராயணனும் ஓருருவாய் நிற்கும் திருக்கோயிலை உடைய ஊரினன் யான். எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் நீங்கள் இதனைச் செய்து பார்க்கலாம். இன்றிரவு உறங்குமுன் அந்த ஆறு திசைகளையும் எண்ணுங்கள். ஒவ்வொரு திசையில் உள்ளாரிடத்தும் இன்று எவ்வாறு நடந்துகொண்டோம் என்று வினவுங்கள். சிறப்பாக, உங்கள் வகுப்பறையைக் கூட்டிப் பெருக்குபவரின் பெயரேனும் உங்களுக்குத் தெரியுமா என்று வினவுங்கள். தெரியாதாயின், நாளைக் காலை அதனைக் கேட்டறிவதே உங்கள் முதற் பயிற்சியாகுக.