கூரைமேல் ஒரு குளம்

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பல வீடுகளின் கொல்லைப்புறத்தில் நீச்சல் தொட்டி உண்டு. பள்ளம் தோண்டிக் கட்டியது அல்ல. தகரச் சுவரை வட்டமாக நிறுத்தி, உள்ளே பிளாஸ்டிக் விரிப்பிட்டுத் தரைக்கு மேலேயே அமைத்தது. 15 அடி விட்டமும் 4 அடி ஆழமும் உள்ள ஒரு தொட்டியில் ஏறக்குறைய 20,000 லிட்டர் நீர், அதாவது 20 டன் எடை நிற்கும். குளிர்காலம் நெருங்கியதும் இத்தொட்டியைப் பக்குவப்படுத்துவது அங்கே ஒரு தனி வேலை.

ஏன்? நீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. குழாய்க்குள் உறைந்த நீர் குழாயையே பிளந்துவிடும். ஆகவே பம்பிலும் குழாய்களிலும் உள்ள நீரை முற்றிலும் வடித்துவிடுவார்கள். தொட்டியின் நடுவில் காற்றடைத்த தலையணை ஒன்றை மிதக்கவிட்டு, மேலே மூடி போடுவார்கள். விரியும் பனிக்கட்டி சுவரை நெருக்குவதற்குப் பதிலாகத் தலையணையை நசுக்கிக்கொள்ளும். ஆனால் தொட்டியை மட்டும் முழுவதும் காலி செய்யமாட்டார்கள். வெறும் தகரச் சுவரைப் பெருங்காற்று மடக்கிப் போட்டுவிடும். உள்ளிருக்கும் நீரின் எடைதான் அதற்கு நங்கூரம்!

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாருக்கு வாருங்கள். மார்கழி விடியலிலும் இங்கே வெப்பநிலை 20 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்கும். தண்ணீர் உறைகிற பேச்சே இல்லை. ஆயினும் இங்கும் தரைக்கு மேலே நீர் நிற்கிறது. வீட்டுக் கூரைமேல், கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில். (நீரைத் தேக்குவது இவ்வூருக்குப் புதிதல்ல. 1960களில் நடந்த அகழாய்வில், பக்கத்து வானகிரியில் செங்கல்லால் கட்டிய பழைய நீர்த்தேக்கம் ஒன்று வெளிப்பட்டது.) கடலோரக் கிணறுகளில் உப்பு கலப்பது எளிது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையோரத்துக் கிணறுகளிலும் குளங்களிலும் கடல்நீரைக் கொண்டுவந்து கொட்டியது. ஆதலால் தொட்டி நீர் இங்கு அருமையான பொருள்.

நம் தொட்டியின் முதல் பகை பனிக்கட்டி அல்ல, கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீரின்மேல் முட்டையிடுவதில்லை; நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவைக்கிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு காத்திருக்கும். ஐப்பசி மழையில் நீர்மட்டம் ஏறி முட்டையை நனைத்ததும் புழு வெளிவருகிறது. ஏழு முதல் பத்து நாட்களில் அது கொசுவாகிப் பறந்துவிடும். நீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைப்பது இங்கேதான் தவறாகிறது. தேய்க்க வேண்டியது சுவரை! மழை தொடங்குமுன், தேங்காய் நாரோ பிரஷோ கொண்டு உட்சுவரை மேல்விளிம்புவரை நன்றாகத் தேய்த்துக் கழுவி, அந்த நீரை வெளியேற்ற வேண்டும். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் கீழே நின்று வாளி எடுத்துக் கொடுக்கலாம்.

மூடி இறுக்கமாகப் பொருந்தட்டும். நீர் வழியும் குழாயின் வாயில் மெல்லிய வலை கட்டுங்கள். மூடி மற்றொரு நன்மையும் செய்கிறது. ஒளி புகாவிட்டால் பாசி வளராது. தொட்டியைக் கறுப்பாகச் செய்வதும் இதனாலேயே.

அடுத்து குளோரின். புதிய பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் பயன்படும் குளோரின். 1,000 லிட்டர் தெளிந்த நீருக்கு இரண்டரை கிராம் பவுடர் போதும்; அதிலிருந்து லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். நீரிலுள்ள அழுக்கு அதில் ஒரு பகுதியைத் தின்றுவிட, மிஞ்சுவதே நம்மைக் காக்கும் பங்கு. பவுடரை ஒரு குவளை நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். கழிவறை கழுவும் ஆசிட்டோடு பவுடரை ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

இனி புயல். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, எதிர்நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறக்குறைய 45 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் தள்ளுகிறது. 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி காலியாக இருந்தால் அதன் எடை ஏறத்தாழ 30 கிலோதான். பறக்காமல் என்ன செய்யும்? அதையே நிரப்பி வைத்தால் ஒரு டன்னுக்கு மேல்! கனடாக்காரர் தகரத் தொட்டியில் நீரை விட்டுவைக்கும் அதே கணக்குத்தான். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, டெல்டாவின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை, மோட்டாரும் ஓடவில்லை. புயல் எச்சரிக்கை வந்ததும் நிரப்பி, மூடியைக் கயிற்றால் கட்டிவைத்த தொட்டி அத்தகைய நாட்களில் குடிநீராகவும் உதவும். கறுத்த பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நைந்திருக்கும். ஐப்பசிக்கு முன் அதையும் மாற்றிவிடுங்கள்.